நாயை விட்டுவிட்டுப் போக ஓர் ஒத்திகை

1

எங்கள் வீட்டு நாய்க்கு நேர்முகத் தேர்வு நடந்தது. சிரிக்க வேண்டாம். நான் இந்த நாட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது என்னிடம் கேட்டதைவிட அதிகமான கேள்விகளை அதற்காக என்னிடம் கேட்டார்கள். இடி இடித்தால் பயப்படுமா, தனியாகத் தூங்குமா, ஆண்களைக் கண்டால் குரைக்குமா, தட்டில் சாப்பாடு இருக்கும்போது பக்கத்தில் யாராவது வந்தால் என்ன செய்யும்? கடைசிக் கேள்விக்கு என் மனைவி மலர் நாயைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

நாயின் பெயர் பென்னோ. மகள் வைத்த பெயர். ருமேனியாவில் ஏதோ ஒரு தெருவில் பிடித்து, காப்பகம் ஒன்றின் வழியாக ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த பழுப்பு நிற நாய். எங்கள் வீட்டில் மகளைத் தவிர எல்லோருமே வெளியிலிருந்து வந்தவர்கள் என்று நான் சொல்வதுண்டு. மகளுக்கு அந்த நகைச்சுவை பிடிக்காது.

கிறிஸ்துமஸ் சமயத்தில் எங்கள் பம்பு கம்பெனியை மூடிவிடுவார்கள். அப்போது ஊருக்குப் போகிறோம். ஊர் என்றால் வலங்கைமானுக்குத் தெற்கே ஒரு கிராமம். அங்கே அப்பா தனியாக இருக்கிறார். இதற்கு முன் ஊருக்குப் போனபோதெல்லாம் மகள் யாழினி நாயோடு இருந்துகொள்வாள். இப்போது அவள் வேறு நகரத்தில் படிக்கிறாள். அவள் தங்கும் இடத்தில் நாய்க்கு அனுமதி இல்லை. ஆகவே பென்னோ வாழ்க்கையில் முதல் தடவையாக ஹாஸ்டலுக்குப் போகிறது.

நாய் விடுதி எங்கள் ஊர் எல்லையில், ஆப்பிள் தோட்டங்களுக்குப் பின்னால் இருக்கிறது. அதை நடத்துகிறவர் ஊர்சுலா என்ற அம்மா. ரப்பர் பூட்ஸும் கறாரான குரலும் உள்ளவர். எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார்.

“முதல் தடவை வருகிற நாயை நான் நேராகச் சேர்த்துக்கொள்ளமாட்டேன். ஒரு நாள் சும்மா வந்து மோப்பம் பிடித்துவிட்டுப் போகட்டும். அடுத்த வாரம் கொஞ்ச நேரம் விடுங்கள். அப்புறம் ஒரு பகல். அப்புறம் ஓர் இரவு. அதற்குப் பிறகு நீங்கள் எங்கே வேண்டுமானாலும் போங்கள்.”

“இவ்வளவு தேவையா?” என்று கேட்டேன்.

“திடீரென்று கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனால், நீங்கள் செத்துப்போய்விட்டீர்கள் என்று அது நினைத்துக்கொள்ளும்” என்றார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு அடுத்த நாயைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு அன்று முழுவதும் எதுவும் ஓடவில்லை.

2

இங்கே நாய்க்கு வரி உண்டு. நகராட்சிக்கு வருஷாவருஷம் கட்ட வேண்டும். கட்டினால் எண் போட்ட ஒரு தகர வில்லை தருவார்கள், அது எப்போதும் கழுத்துப்பட்டையில் தொங்க வேண்டும். ஊசி போட்ட விவரங்களுக்கு நீல அட்டை போட்ட பாஸ்போர்ட்டும் உண்டு. விடுதியில் சேர்க்க அதில் இருமல் ஊசி பதிவாகியிருக்க வேண்டும். அதற்காக மருத்துவரிடம் ஒரு நடை, அவர் முத்திரை வைக்க மறந்ததால் இன்னொரு நடை.

இதையெல்லாம் அப்பாவிடம் போனில் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுவோம். அவருக்குப் பக்கத்து வீட்டு சரோஜா அத்தைதான் போனைப் பிடித்துக்கொள்வார். பாதி நேரம் அப்பாவின் நெற்றியும் மேலே சுற்றும் ஃபேனும்தான் தெரியும்.

“நாய்க்குக் கிஸ்தி கட்டுறியா?” என்று அப்பா கேட்டார்.

“ஆமாப்பா. கட்டலன்னா அபராதம்.”

“ஜமாபந்தி எப்ப நடத்துவாங்க?”

சரோஜா அத்தை சிரித்ததில் போன் ஆடியது. “அதுக்குப் பாஸ்போட்டு வேற இருக்காம் மாமா. ஒங்களுக்குத்தான் இல்ல” என்றார் அத்தை.

அப்பாவுக்குப் பாஸ்போர்ட் எடுக்க நான் ஒருமுறை ஆரம்பித்தேன். பிறந்த தேதிக்குச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்ப முயற்சி செய்யலாம் என்று இருந்துவிட்டேன். இருந்துவிட்டேன் என்பது எவ்வளவு வசதியான சொல்!

“என்ன திடீர்னு இந்த வருசம் வர்றீங்க? போன வருசந்தான வந்துட்டுப் போனீங்க” என்றார் அப்பா.

“சும்மாதாம்பா. ஒங்களப் பாக்கத்தான்.”

அது பொய். முழுப் பொய்யும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

3

எதற்காகப் போகிறேன் என்று இங்கே சொல்லிவிடுகிறேன். அப்பாவின் நிலத்தை விற்கப் போகிறேன்.

பெரிய நிலம் ஒன்றும் இல்லை. மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். ஆனால் அது வந்த வழி லேசானதல்ல. அப்பா பண்ணையாளாக இருந்தவர். பண்ணையின் காரியக்காரர் எங்கள் தெருவுக்குள் வரமாட்டார். தெருமுனையில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்ட குரலுக்கு, கஞ்சியில் கை இருந்தாலும் எழுந்து போக வேண்டும். அப்பாவும் அவர் வயசுக்காரர்களும் ஒரு நாள் எழுந்து போகவில்லை. அதன் பிறகு நடந்ததெல்லாம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கூலி நெல்லுக்காகச் சண்டை, அறுவடைக்கு வெளியூர் ஆள் இறக்கினால் மறியல், போலீஸ் வேன், தலைமறைவு. அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் நின்றிருக்கிறாள்.

பிறகு உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையின் உபரி நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். அப்பா பிடித்தது சிவப்புக் கொடி. பட்டா கொடுத்த மேடையில் கட்டியிருந்தது கறுப்பும் சிவப்பும். அப்பா இரண்டு பேரையும் விட்டுக்கொடுக்காமல் பேசுவார். ஓட்டு யாருக்கு என்று மட்டும் யாரிடமும் சொல்லமாட்டார். பட்டா கைக்கு வந்த பிறகும் நிலத்தில் கால் வைக்க முடியவில்லை. கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார்கள். தடை நீங்கி முதல் அறுவடை நடந்தபோது வரப்பில் போலீஸ் நின்றது. அப்பா அந்தக் கதிரை அறுத்தபோது நான் வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்தேன். அந்த நிலத்தின் நெல்லைத் தின்றுதான் நான் என்ஜினீயர் ஆனேன்.

இப்போது அதற்குப் பக்கத்தில் புது ரோடு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த சேகர் வலங்கைமானில் நிலத் தரகு செய்கிறான். மனை போடுகிறவர் ஒருவர் கேட்கிறார் என்று அவன்தான் சொன்னான். நானும் யோசித்தேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது. போன வருஷம் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. அன்று சரோஜா அத்தை பார்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், லிஃப்ட் வைத்த ஒரு ஃபிளாட் பார்த்து வைத்தேன். நிலத்தைக் கொடுத்துவிட்டு அப்பாவை அங்கே கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் போட்டுவிட வேண்டும். எனக்கும் நிம்மதி. எழுதும்போது கவனிக்கிறேன், அவருக்கு நிம்மதி என்று எழுதத்தான் நினைத்தேன்.

பட்டா அப்பா பெயரில் இருக்கிறது. பதிவு அலுவலகத்துக்கு அவர்தான் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவரிடம் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேரில் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மலரிடம் சொன்னேன். பக்குவமாக என்றால், சேகரின் கார் வாசலில் வந்து நின்ற பிறகு என்று அர்த்தம். நாலு பேர் முன்னால் அப்பா என் பேச்சைத் தட்டியதே இல்லை.

“இது நல்லா இல்லங்க” என்றாள் மலர். மயிலாடுதுறைக்காரி. ஒரு தடவை சொல்வாள், அதற்குமேல் சொல்லமாட்டாள். அந்த ஒரு தடவையே நாள் கணக்கில் காதில் இருக்கும்.

4

ஒத்திகைகள் தொடங்கின. முதல் வாரம் பென்னோ விடுதி முழுவதும் மோப்பம் பிடித்துவிட்டு என் காலோடு ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தது. அடுத்த வாரம் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் காரில் ஆப்பிள் தோட்டத்தையே சுற்றிச் சுற்றி வந்தோம். யாருக்கு ஒத்திகை என்று மலர் கேட்டாள்.

ஊர்சுலா தினமும் செய்ய வேண்டியதையும் சொல்லியிருந்தார். வீட்டில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தனியாக விட்டுப் பழக்க வேண்டும். கிளம்பும்போது கொஞ்சக் கூடாது. அதன் விரிப்பைத் துவைக்காமல் கொண்டுவர வேண்டும். நாம் உடுத்திய துணி ஒன்றையும் துவைக்காமல் கொண்டுவந்தால், அதில் முகத்தை வைத்துக்கொண்டு தூங்கும். நான் ஒரு பழைய பனியனை வாரம் முழுவதும் போட்டேன். ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டார்.

பென்னோ எந்த மொழியில் சொன்னால் கேட்கும் என்ற கேள்வியும் வந்தது. ஜெர்மன் என்றேன். ஊர்சுலா ‘உட்கார்’ என்றதும் உட்கார்ந்தது. நான் சொன்னேன், அசையவில்லை. நான் சொன்ன விதத்தைக் கேட்டு அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நான் ஜெர்மன் கற்றுக்கொண்டது கம்பெனிக்கும் அரசு அலுவலகங்களுக்கும் போய் வந்து. அதில் மரியாதைப் பன்மை மட்டும்தான் எனக்குச் சரளமாக வரும். இத்தனை வருஷமாக நாயிடம், “தயவுசெய்து அமருங்கள்” என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். மகள் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறாள்.

கடைசியில் உண்மையைச் சொன்னேன். வீட்டில் யாரும் இல்லாதபோது நான் அதனுடன் தமிழில்தான் பேசுவேன். ‘வாடா’ என்றால் வரும். ‘போதும்’ என்றால் தட்டை விட்டுத் தலையைத் தூக்கும். ‘சாப்பிட்டியா’ என்றால் வாலை ஆட்டும். ஊர்சுலா மூன்றையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். என் மகள் வாயில் வராத சுத்தமான ‘டா’ அந்த அம்மா வாயில் வந்தது.

அன்று மாலை யாழினியை அழைத்தேன். எப்போதும் போல நான் தமிழில் பேச, அவள் ஜெர்மனில் பதில் சொன்னாள்.

“பென்னோவை யாரோ ஒருவரிடம் விட்டுவிட்டுப் போகிறீர்கள். அதனிடம் சொல்லவாவது செய்தீர்களா?” என்றாள்.

“நாய்கிட்ட எப்படிம்மா சொல்றது?”

“எனக்குத் தெரியாது. ஆனால் நான் இங்கே வரும்போது தரையில் உட்கார்ந்து, அதன் முகத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுத்தான் வந்தேன்” என்றாள். பிறகு வகுப்பு இருக்கிறது என்று வைத்துவிட்டாள். சனிக்கிழமையன்று என்ன வகுப்போ!

5

இரவு தங்கும் ஒத்திகைக்கு ஒரு சனிக்கிழமை காலை கொண்டுபோய் விட்டேன். மலருக்கு வேலை இருந்ததால் நான் மட்டும்தான் போனேன். விரிப்பு, பனியன், பாஸ்போர்ட், சாப்பாட்டு டப்பா எல்லாம் சரியாக இருந்தன. பென்னோவுக்குப் புதிதாக நீல நிறத்தில் ஒரு கழுத்துப்பட்டையும் வாங்கியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற பிள்ளைக்குப் புதுச்சட்டை எடுக்கிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் குனிந்து பழைய பட்டையைக் கழற்றினேன். புதியதை மாட்டினேன். பழையதைச் சுருட்டிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். எதையும் யோசித்துச் செய்யவில்லை. ஊர்சுலா கயிற்றை வாங்கிக்கொண்டு, “வாடா” என்றார். அது போய்விட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் ஊர்சுலா போன் செய்தார். நாயின் கழுத்தில் எண் வில்லை இல்லை, அது இல்லாமல் வெளியே கூட்டிக்கொண்டு போக முடியாது, எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார். கோட்டுப் பையில் கையை விட்டேன். பழைய பட்டை, வில்லையோடு இருந்தது. “பழகிய பட்டையை ஏன் கழற்றினீர்கள்? அதுதான் அதற்குத் தைரியம்” என்று திட்டினார். மதியத்துக்குமேல் கொண்டுவருகிறேன் என்றேன்.

அதை மேஜையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள். வாங்குகிறவர் தன் கயிற்றைக் கொண்டுவந்து கட்டுவார். விற்றவர் பழைய கயிற்றை அவிழ்த்துத் தன் கொட்டகையிலேயே மாட்டி வைத்துக்கொள்வார். மாடு போனாலும் லட்சுமி நம் கொட்டகையில் இருக்கட்டும் என்று. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து வந்தவருக்கு அப்பா எங்கள் செவலைப் பசுவைக் கொடுத்தபோது இப்படித்தான் அவிழ்த்து வைத்துக்கொண்டார். எத்தனை வருஷம் ஆகியும் கை மறக்கவில்லை. இந்த நாட்டில் எந்த முட்டாளும் செய்யாத காரியம்.

6

இதை அப்பாவிடம் சொன்னால் சிரிப்பார் என்று நினைத்தேன். உடனே கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். அன்று சரோஜா அத்தை இல்லை, அப்பாவே போனைப் பிடித்திருந்தார். முகம் முழுதாகத் தெரிந்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“கயித்த அவுத்து வெச்சுக்கிட்டியா?”

“ஆமாப்பா. பழக்கதோசம்.”

“விக்கிறவன்தான் தம்பி அவுத்து வெச்சுக்குவான். திரும்பி வந்து கூட்டிட்டுப் போறவன் எதுக்கு அவுக்குறான்?”

நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். அப்பா போனை இன்னும் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

“வந்து அளந்துட்டுப் போனாங்க.”

“யாருப்பா?”

“சேகரு அனுப்புன ஆளுங்க. நீ சொல்லித்தான் வந்தோம்னாங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி. நட்டுப் பச்ச புடிச்சிருந்த பயிரு. டேப்ப இழுத்துக்கிட்டுச் செருப்புக் காலோட உள்ள எறங்கப் பாத்தாங்க. எறங்காதீங்க தம்பி, பயிரு மெதிபடும்னு சொல்லி, ஒரு முனைய நானே வாங்கிக்கிட்டேன். அவங்க இந்தப் பக்கம் நிக்க, நான் வரப்போட சுத்திப் போயி அந்தப் பக்கம் புடிச்சுக்கிட்டு நின்னேன். நாலு பக்கமும் அப்படித்தான் அளந்தோம்.”

அளந்தோம் என்றார். விற்பதற்காக நான் அனுப்பிய டேப்பின் ஒரு முனையை, இடுப்பில் அடிபட்ட மனுஷன் வரப்பில் நடந்து நடந்து பிடித்திருக்கிறார். விலை விசாரி என்று மட்டும்தான் சேகரிடம் சொன்னேன், அளக்கச் சொல்லவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது! 

“ஏம்பா எங்கிட்ட கேக்கல?”

“நீ சொல்லுவேன்னு இருந்தேன். வாராவாரம் பேசுனீல்ல. மொத வாரம் மோப்பம் புடிக்க விட்டோம், அடுத்த வாரம் கொஞ்ச நேரம் விட்டோம், அப்புறம் ஒரு பகல் விட்டோம்னு நாய்க்கு ஒத்திக பாக்குறதயெல்லாம் சொன்ன. நானும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்.” குரலில் கோபமே இல்லை. “எனக்கு நீ எப்ப ஆரம்பிப்பேன்னு பாத்தேன்.”

போனை மேஜையில் கவிழ்த்துவிடலாமா என்று இருந்தது. கவிழ்க்கவில்லை.

“மன்னிச்சிருங்கப்பா.”

“அத விடு. இப்பக் கேக்குறியா, நேர்ல வந்து கேக்குறியா?”

“இப்பவே கேக்குறேம்பா.”

கேட்டேன். மனை போடுகிறவர், புது ரோடு, தஞ்சாவூர் ஃபிளாட், லிஃப்ட், ஆஸ்பத்திரி, பார்த்துக்கொள்ள ஆள், எல்லாவற்றையும் சொன்னேன். வரப்பில் விழுந்ததைச் சொன்னேன். தூரத்தில் இருந்துகொண்டு போன் மணி அடிக்கும்போதெல்லாம் நான் பயந்துகொண்டே எடுப்பதைச் சொன்னேன். அப்பா குறுக்கே பேசாமல், பஞ்சாயத்தில் எதிர்க்கட்சிக்காரன் பேச்சைக் கேட்பது மாதிரி, கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“சொல்லி முடிச்சிட்டியா?”

“முடிச்சிட்டேம்பா.”

“மாட்டேன்” என்றார்.

அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை. குரல் தழுதழுக்கவில்லை. தலையைத் துண்டால் ஒரு தடவை துடைத்துக்கொண்டார். பிறகு, “மொதல்ல அந்தப் பட்டையக் கொண்டுபோயிக் கட்டிவிட்டுட்டு வா. வாயில்லாச் சீவன்” என்றார்.

7

போனேன். ஊர்சுலா என்னை உள்ளே விடவில்லை. இப்போது என்னைப் பார்த்தால் பென்னோவுக்கு இத்தனை வாரம் பழகியதெல்லாம் பாழாகிவிடும் என்றார். கேட்டுக்கு மேலாகப் பட்டையை நீட்டினேன், வாங்கிக்கொண்டார். பென்னோ என்ன செய்கிறது என்று கேட்டேன். “உங்கள் பனியன்மேல் படுத்துத் தூங்குகிறது. மனிதர்கள்தான் எனக்குத் தொல்லை” என்றார்.

காருக்குத் திரும்பி வந்து, வண்டியை எடுக்காமல் சேகரைக் கூப்பிட்டேன். ஊரில் இருட்டத் தொடங்கியிருக்கும். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. நிலத்தைக் கொடுக்கப்போவதில்லை என்று சொன்னேன்.

“ஏன்டா? வேற யாராச்சும் கூட வெல சொல்றாங்களா?”

“இல்லடா. அப்பாவக் கேட்டேன். மாட்டேன்னுட்டாரு.”

“அப்பாவ இப்பத்தான் கேட்டியா?” சேகரின் குரலில் நிஜமான ஆச்சரியம். “நீ அவருகிட்டப் பேசிட்டேன்னு நெனச்சுல்லடா நான் ஆளையே அனுப்புனேன்? அந்த மனுசன் டேப்பப் புடிச்சிக்கிட்டு நின்னாருன்னு சொன்னாங்களே! பார்ட்டிய நாலு தடவ கூட்டியாந்து காட்டிட்டேன். அவரு மாட்டேன்னு சொல்லுவாருன்னு ஒனக்குத் தெரியாதா?”

“தெரியும்டா” என்றேன். “அதனாலதான் கேக்கல.”